சதை போல ஒரு மெத்தை

ரங்கூன், தாம்வே
10 ஜூன் 2007

என் பேத்தி ஸமீராவுக்கு,

ஸலாம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் நன்னி நூர் பீவிக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

உன் உம்மா பல்கீஸ் விடியுமுன் ஷ்வேப்யிதா பஸ்ஸில் ஏறித் தையல் ஃபேக்டரிக்குப் போனால் இருட்டித்தான் திரும்புகிறாள். பர்மியப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேச வரும், எழுத்து வராது. ஆகையால் உன் கடிதத்தை இந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள் நான்.

சிங்கப்பூரில் நீ என்ன செய்கிறாய் என்று தெருவே கேட்கிறது. நேற்று நபீஸா கடையில், "உங்க பேத்தி டாக்டராவுதா நன்னி?" என்றாள். "அதுக்கும் மேலே" என்றேன். "மேலேன்னா என்னா?" என்றாள். முட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் பெருமையைச் சொல்ல எனக்கு வார்த்தை வேண்டும். என் படிப்புக்குத் தகுந்தபடி எழுதி அனுப்பு.

உன் தம்பி யாசர் போன ரமலானில் சுவரைப் பிடித்தாவது நடந்தான். இப்போது அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா, அந்தச் சயாமா, செய்யச் சொன்ன மரநாற்காலியில்தான் பகல் முழுக்க இருக்கிறான். கெட்டிப் பலகை, இரண்டு பக்கமும் பலகை, இடுப்பில் வார். முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டுமாம். "நன்னி, நான் என்னா திருடனா? அவிழ்த்து விடுங்க" என்று அழுகிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கட்டி வைத்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் நன்னி


சிங்கப்பூர்
2 ஜூலை 2007

நன்னிக்கு ஸமீரா எழுதுவது.

என் தமிழ் ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தமிழ். பிழை இருந்தால் திட்டாமல் வாசியுங்கள்.

நம் உடம்பு செல் என்னும் மிகச் சிறிய அறைகளால் ஆனது. கூடாரத்துக்குள் கம்பும் கயிறும் இருப்பது போல ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நார்கள் இருக்கின்றன. அந்த நார்களால் செல் தன் கீழே இருக்கும் தரையைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். தரை இழுத்த இழுப்புக்கு வந்தால், மெத்தென்ற இடம் என்று அதற்குத் தெரியும். வராவிட்டால் கட்டாந்தரை.

ஸ்டெம் செல் என்று ஒரு வகை இருக்கிறது. வளர்ந்து என்னவாவது என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பாகலாம், தசையாகலாம், நரம்பாகலாம். நான் ஜெல்லியை வெவ்வேறு கெட்டியில் செய்து, அந்தப் பிள்ளைகளை அதன்மேல் படுக்க வைத்துப் பார்க்கிறேன். கெட்டியில் படுத்த பிள்ளை எலும்பின் வழியில் போகிறது. மிகவும் குழைந்ததில் படுத்தது நரம்பின் வழியில். சரியாகச் சதையின் அளவுக்கு மெத்தென்று இருந்தால் தசையாகத் தொடங்குகிறது. ஒரே பிள்ளைகள், ஒரே சாப்பாடு, படுக்கை மட்டும்தான் வேறு. முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

யாசரின் நோயில் தசை கிழிந்து கிழிந்து, அந்த இடம் தழும்பாக இறுகிவிடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய செல்களுக்குத் தரை கெட்டியாகிப் போகிறது. அதனால்தான், நன்னி, நான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

இதற்குக் கீழே இன்னொரு பத்தி எழுதியிருந்தேன். சரியாக வரவில்லை, கிழித்துவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

ஸமீரா


ரங்கூன்
21 அக்டோபர் 2007

என் கண்ணு ஸமீரா,

பெருநாள் சத்தமில்லாமல் போய்விட்டது. ஊர் நிலைமை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பிக்குமார்கள் ஊர்வலம் போனதும், அப்புறம் நடந்ததும் கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. பஸ் ஓடாத நாட்களில் உன் உம்மா வீட்டில் இருந்தாள். யாசரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் தவணை தவறிவிட்டது.

உன் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நபீஸாவிடம் கடிதத்தைக் காட்டவில்லை. நானாகவே அறிந்தது போலச் சொன்னேன். "ஒவ்வொரு செல்லும் தரையை இழுத்துப் பார்த்துத்தான் என்னவாகிறதுன்னு முடிவெடுக்கும், தெரியுமா உனக்கு?" என்றேன். வாயைப் பிளந்துவிட்டாள். "நீங்க படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பீங்க நன்னி" என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு வார்த்தையை எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

யாசர் விஷயமாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். பலன் தெரியட்டும். கண்டால் நீயே அசந்துபோவாய்.

நன்னி


சிங்கப்பூர்
16 டிசம்பர் 2007

நன்னிக்கு,

என்ன காரியம் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. தர்காவில் நேர்ச்சையா, புதிதாக ஏதாவது எண்ணெயா? எதுவானாலும் உள்ளுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

யாசர் வளர்ந்திருப்பான். நாற்காலியின் வாரைச் சயாமா மாற்றினாளா? பலகைகள் இன்னும் அவன் விலாவைத் தொடுகின்றனவா? இடைவெளி விழுந்திருந்தால் துணி மடித்துச் செருகுங்கள். மறந்துவிடாதீர்கள்.

கிழித்த பத்தியை மறுபடி எழுத உட்கார்ந்தேன். ஊருக்கு வரும்போது நேரில் சொல்கிறேன்.

ஸமீரா


ரங்கூன்
11 பிப்ரவரி 2008

என் தங்கம் ஸமீரா,

இனி மறைக்க வேண்டியதில்லை. கேள்.

நீ எழுதியதை வைத்து யோசித்தேன். கட்டாந்தரையில் கிடக்கும் செல் எலும்பாகிறது. நாமோ பிள்ளையைப் பகலெல்லாம் பலகையில் கட்டி வைத்திருக்கிறோம். அடியிலிருந்து பலகை அழுத்த அழுத்த, உள்ளே இருக்கும் செல்லுக்கு அது தெரியாமலா இருக்கும்? மெத்தை தைக்கும் அய்யாசாமியை வரச் சொன்னேன். நல்ல இலவம் பஞ்சு கொண்டுவந்தான்.

"எந்த அளவுக்கு மெத்து வேணும் பீவிம்மா?" என்றான்.

"சதை மாதிரி."

"யார் சதை? என் சதைன்னா எலும்புதான் குத்தும்."

நான் சிரிக்கவில்லை. சரியான அளவில் இருந்தால்தானே தசையாகும்? கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுத் தொடை ஒன்று வாங்கிவரச் சொல்லி, தாம்பாளத்தில் வைத்தேன். ஒரு விரலால் தொடையை அமுக்குவேன், ஒரு விரலால் மெத்தையை அமுக்குவேன். "இன்னும் கொஞ்சம் பஞ்சு எடு" என்பேன். "இவ்வளவு வருஷத்துல ஆட்டைக் கேட்டு மெத்தை தைச்சது இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டான். பொழுது சாயும் வரை அவனை விடவில்லை. அந்தத் தொடையை அப்புறம் சமைத்தோம், யாசர் விரும்பிச் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து பிள்ளை பஞ்சில்தான். நாற்காலியைத் தெருமுனை டீக்கடைக்குக் கொடுத்துவிட்டேன். ஒருநாள்கூட அவன் அழவில்லை, ஸமீரா. ஜன்னலோரம் சாய்ந்தபடி, கீழே பையன்கள் பிரம்புப் பந்து உதைப்பதைப் பார்க்கிறான். எப்போதும் அந்த ஒரே பக்கமாகச் சாய்கிறான், அது ஜன்னலுக்காகத்தான். உன் கடிதத்தை அவனுக்கு மட்டும் ரகசியமாக வாசித்துக் காட்டினேன். "நன்னி, லாத்தாகிட்ட சொல்லுங்க, அவங்க செல்லுக்கு என் அளவு வசதி கிடையாதுன்னு" என்று உனக்குச் சொல்லச் சொல்கிறான்.

கெண்டைக்கால் இரண்டும் தடித்துக் கெட்டியாகியிருக்கின்றன. நான் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். சதை பிடிக்கிறது. உன் படிப்பு நம் வீட்டுக்குள்ளேயே பலித்துவிட்டது.

உன் உம்மா மட்டும், "சயாமா நாற்காலிதானே சொன்னாங்க உம்மா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியும், நீ போ" என்றேன். உன் கடிதத்தில் இருப்பதைச் சொல்லவில்லை. இது என் புத்தியில் உதித்ததாகவே இருக்கட்டும் என்று ஓர் ஆசை. கோபித்துக்கொள்ளாதே.

உன் நன்னி


சிங்கப்பூர்
3 மார்ச் 2008

நன்னிக்கு,

நபீஸா கடைப் போனில், எல்லாரும் நிற்கும்போது உங்களிடம் கத்தினேன். "அஞ்சாம் வகுப்பு படிச்சிட்டு டாக்டர் வேலை பார்க்கிறீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதை மறுபடியும் எழுதுகிறேன், தயவுசெய்து வாசியுங்கள்.

செல்லின் படுக்கை வேறு, யாசரின் படுக்கை வேறு. அவன் தசையின் கெட்டி பலகையிலிருந்து வந்தது இல்லை. நோய் உள்ளேயே உண்டாக்கிய தழும்பு. பஞ்சின் மென்மை அங்கே போய்ச் சேராது. முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய தசைகள் அவனுக்கு ஓய்ந்துவிட்டன. அந்த வேலையைத்தான் பலகையும் வாரும் செய்துகொண்டிருந்தன. ஒரே பக்கம் சாய்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் போனுக்கு ஓடினேன். முதுகு வளைந்தால் நெஞ்சுக்கூடு ஒடுங்கும். மூச்சுக்கு இடம் போதாது.

கெண்டைக்கால் பருத்திருப்பது தசை இல்லை, நன்னி. கொழுப்பும் தழும்பும். அது இந்த நோயின் அடையாளம்.

டீக்கடையிலிருந்து நாற்காலியை வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாளைக்கே.

ஸமீரா


ரங்கூன்
6 ஏப்ரல் 2008

கல்வியில் சிறந்த ஸமீரா அவர்களுக்கு,

தாங்கள் எழுதியது வந்தது. அஞ்சாம் வகுப்புக்காரி எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

தாங்கள் உத்தரவிட்டபடி பிள்ளையைக் கொண்டுபோனோம். சயாமா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். நேராக இருக்க வேண்டிய எலும்பு வெள்ளத்தில் போகும் சாரைப்பாம்பு மாதிரி போகிறது. "இத்தனை மாசமா எங்கே போனீங்க? நாற்காலியை யார் எடுக்கச் சொன்னது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். உன் உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவள் நின்றுகொண்டே வந்தாள்.

புது நாற்காலி செய்தாயிற்று. பழையதில் அவன் உடம்பு இப்போது பொருந்தாது. வாரைப் போட்டால் அலறுகிறான். "பஞ்சு போதும் நன்னி, நடக்காட்டியும் பரவாயில்ல, பஞ்சுல விடுங்க" என்கிறான். இறுக்குவது நான்தான்.

தாங்கள் படித்தவர்கள், ஒன்று கேட்கலாமா? இவ்வளவு விளக்கமாக எழுதிய கையால், 'இது யாசருக்கு இல்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நீ எழுதியிருந்தால் நான் கேட்டிருப்பேன் புள்ளே. நீ சொல்லி நான் எதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்?

நூர் பீவி


சிங்கப்பூர்
20 மே 2008

நன்னி,

புயல் செய்தி கேட்டதிலிருந்து போன் போடுகிறேன், மணியே அடிக்கவில்லை. தாம்வேயில் கூரைகள் பறந்துவிட்டன என்று மட்டும் ஒருவர் சொன்னார். இங்கே கடை வைத்திருக்கும் ஜாபர் மாமா அங்கே விமானத்தில் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இருக்கிறோம் என்று மட்டும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்டது சரி. நான் கிழித்த பத்தியில் அந்த வரிதான் இருந்தது. இது இன்னும் கண்ணாடித் தட்டில் நடக்கிற காரியம். மனிதருக்கு மருந்தாக வர எத்தனையோ வருடம் ஆகும். யாசருக்கு அத்தனை வருடம் இல்லை. உங்களுக்கு அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, படுக்கை, பிள்ளை என்று கதை எழுதினேன்.

யாசருக்குச் சிவப்பில் ஒரு கால்பந்துச் சட்டை அனுப்பியிருக்கிறேன். ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன். நாற்காலியில் உட்காரும்போது இறுக்கிப் பிடிக்காமல் இருக்கும்.

ஸமீரா


ரங்கூன்
9 ஜூன் 2008

ஸமீரா,

ஜாபர் வந்தார். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினார். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உனக்கு அவரே சொல்லியிருப்பார். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

கூரைத் தகரம் போய்விட்டது. பிள்ளை நனைந்தான். துடைத்து, பாய் சுற்றி, நானும் உன் உம்மாவும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு இருந்தோம். இரண்டு நாளில் சளி பிடித்தது. இருமினால் வெளியே வர வேண்டுமே, வரவில்லை. இருமவே அவனுக்கு வலு இல்லை. மரமெல்லாம் ரோட்டில் கிடந்ததால் வண்டி இல்லை. நம் தெரு தஸ்தகீர் பாயும் இன்னும் மூன்று பேரும் கதவைக் கழற்றி, அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு பக்கம் காற்றே போகவில்லை என்றார். ஒடுங்கிய பக்கம். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் முன்னே மௌத்தாகிவிட்டான். கடைசியில் பர்மிய மொழியில்தான் பேசினான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.

ஆண்கள் குளிப்பாட்டக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் தஸ்தகீர் பாய் திரைக்கு வெளியே வந்து, "பீவிம்மா, ஒரு துணி மடிச்சுக் குடுங்க" என்றார். எதற்கு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பலகையில நேரா படுக்க மாட்டேங்குது." உன் உம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். துணியை அவள்தான் மடித்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், மருந்து வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பஞ்சுதானா? நான் போட்ட மெத்தையாலா போனான்? நீ படித்தவள். எனக்குப் பொய் எழுதாதே. ஒரு முறை மறைத்தது போதும்.

நன்னி


சிங்கப்பூர்
1 ஜூலை 2008

நன்னிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது எழுத்து வராததால் இல்லை. நீங்கள் கேட்டதை எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன், இந்த நோயைப் பார்க்கும் டாக்டர் இரண்டு பேரிடம் கேட்டேன். எல்லாரும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நடை நின்ற பிள்ளைகளுக்கு முதுகு வளைவது இந்த நோயின் போக்கு. நாற்காலியிலேயே இருந்திருந்தாலும் வளைந்திருக்கலாம், மெதுவாக. மெத்தை அதை எவ்வளவு விரைவாக்கியது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. விரைவாக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. புயலும் சளியும் இல்லாமல் இருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பான். சில வருடம்தான். பஞ்சால்தான் போனான் என்று சொன்னால் பொய். பஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னாலும் பொய். என்னிடம் இருக்கும் உண்மை இவ்வளவுதான், நன்னி.

ஆனால் மெத்தையைப் போட வைத்தது என் கடிதம். வேலைக்குத் திரும்பினேன். ஜெல்லி செய்து, செல்களை அதன்மேல் வைத்தேன். படுக்க வைத்தேன் என்று இனி எழுத மாட்டேன். நுண்ணோக்கியில் பார்க்கிறேன், அவை தரையை இழுத்துக்கொண்டிருக்கின்றன, நான் சொன்னபடியே. ஒரு வரியும் தப்பில்லை. தப்பு, இல்லாமல் போன அந்த ஒரு வரிதான்.

செப்டம்பரில் விடுப்பு கிடைக்கும். வந்து உம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நன்னி தானாகச் செய்யவில்லை, நான் எழுதியதை நம்பித்தான் செய்தார்கள் என்று. உங்களோடு அவர் பேசாமல் இருப்பது நியாயம் இல்லை.

ஸமீரா


ரங்கூன்
12 ஆகஸ்ட் 2008

என் மகளே,

உன் பதிலை வாசித்தேன். அதில் என் மனம் ஆறும்படி ஒன்றும் இல்லை. பொய்யும் இல்லை. நீ இப்படி எழுதக் கற்றுக்கொண்டதற்கு அல்லாஹ்வுக்கு ஷுக்ர்.

செப்டம்பரில் வா. கபருக்குப் போய் ஓதிவிட்டு வருவோம். உன் உம்மாவோடு உட்கார், அவளோடு சாப்பிடு, அவள் பக்கத்தில் தூங்கு. ஆனால் அந்த விஷயத்தை அவளிடம் சொல்லாதே. இது நான் உன்னிடம் கேட்பது.

அவளுக்கு உன் கடிதம் தெரியாது. நான் அன்றைக்கே சொல்லவில்லை. பெருமை எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அது இப்போது நல்லதாகப் போயிற்று. நான் என் கிறுக்குப் புத்தியில் செய்தேன் என்றுதான் நினைத்திருக்கிறாள். போன வாரம் நபீஸா இங்கே வந்து, "நன்னி செல்லைப் பத்தியெல்லாம் அவ்வளவு சொல்வாங்களே, அது யார் சொல்லிக் கொடுத்ததோ" என்று ஆரம்பித்தாள். பல்கீஸ் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. நான் முந்திக்கொண்டேன். "எனக்கு என்னா தெரியும்? யாரோ ரேடியோவுல பேசினதைக் கேட்டு உளறினேன். அஞ்சாங்கிளாஸ்காரிக்கு அவ்வளவுதான் அறிவு" என்றேன். நபீஸா என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். உன் உம்மா மறுபடி அரிய ஆரம்பித்தாள்.

அவளுக்கு இனி இருப்பது ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது அவளுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரக் கூடாது. என் மேல் கோபப்பட்டால் என்ன, நான் எத்தனை நாளைக்கு? பேசாவிட்டாலும் என் துணியை அவள்தான் துவைக்கிறாள்.

நீ வந்து சொன்னால் உன் பாரம் குறையும், எனக்குத் தெரியும். ஆனால் அது குறைந்து அவள் தலையில் ஏறும். நீயே சுமந்துகொள். கஷ்டம்தான். நானும் சுமக்கிறேன் அல்லவா?

தெருவில் கேட்பார்கள், நீ வந்த அன்றைக்கே கேட்பார்கள். படிக்காத கிழவி, யாரையும் கேட்காமல் செய்துவிட்டாள் என்று சொல். உன் உம்மா கேட்டாலும் அதையே சொல்.

நன்னி